தெரியாதவனைப் போலக் கேட்டாய்

சந்துருவுக்கு,

அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "நீங்கள் எல்லோரும் கையில் வைத்துக்கொண்டு ரசித்துக் குடிக்கிறீர்களே, அந்தக் காபி கோமதி போட்டது. இன்று மட்டுமல்ல, மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் கையால்தான் குடிக்கிறீர்கள்." ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். அடுக்களையின் மூங்கில் தட்டிக்குப் பின்னால் நின்றபடி, முகத்தைக்கூடக் காட்டாமல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நாளை நீயும் அப்பாவும் மதராஸ் மெயிலில் ஏறுகிறீர்கள். கும்பகோணத்தில் உனக்குக் கல்யாணம். எனக்கு மாதம் நெருங்கிவிட்டதால் ரயில் பிரயாணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ மனைவியோடு இந்தப் பவானிபூர் வீட்டுக்குத் திரும்பும்போது நான் இருப்பேனா, கையில் குழந்தையோடு இருப்பேனா, எனக்குத் தெரியாது. இது உன்னுடைய 'தெரியாது' இல்லை. நிஜமாகவே தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். நான் உன்னைப் பெற்றவள் இல்லை. உனக்கும் எனக்கும் வயது வித்தியாசம் பத்துதான். நீ என்னை ஒரு நாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை, சித்தி என்றுதான் கூப்பிடுவாய். ஆனால் உனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள் நான். உன் பாடப் புத்தகங்களை நீ தூங்கிய பிறகு எடுத்துப் படித்துப் படித்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டவளும் நான். கல்யாணத்துக்குப் போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்லும் உரிமை இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன். போதாது என்றால் நீ வந்து என்னிடம் கேள்வி கேட்கலாம். அதில்தான் நீ கெட்டிக்காரன்.

சாக்ரடீஸ் என்ற கிரேக்கக் கிழவரைப் பற்றிய புத்தகத்தை நீ கல்லூரியிலிருந்து கொண்டுவந்தபோது எவ்வளவு குதித்தாய்! அடுக்களை வாசலில் உட்கார்ந்துகொண்டு, "சித்தி, இந்த மனுஷன் ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லிண்டு கடைத்தெருவிலே அலைஞ்சிருக்கார். பெரிய பெரிய ஆளெல்லாம் வருவா. நேக்குப் புரியலை, கொஞ்சம் சொல்லிக் குடுங்கோம்பார். அவா சொல்லச் சொல்ல, கடைசியிலே தனக்கும் தெரியாதுன்னு அவா வாயாலேயே ஒத்துக்கும்படியா ஆயிடும். எங்க புரொபஸர் இதுக்கு ஐரனின்னு பேர் சொன்னார்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வித்தையை நீ கல்லூரியில் கற்றதாக நினைத்தாய். உனக்கு எட்டு வயதிருக்கும்போதே இந்த வீட்டு வாசலில் அதைப் பார்த்திருக்கிறாய். நமக்குப் பால் ஊற்றிய கோயாலாவை நினைத்துப் பார். தன் பாலில் ஒரு சொட்டு ஜலம் கிடையாது என்று காளி மேல் ஆணையிடுவான். நான் என் அரைகுறை பெங்காலியில் கேட்டேன்: "எங்கள் ஊர் மாடுகளை எனக்குத் தெரியும், உங்கள் ஊர் மாடுகளைத் தெரியாது. மழைக்காலத்தில் பால் ஏன் இப்படி மெலிகிறது?" "ஈரப் புல் தின்கிறது, மா." "சரி. வெயில் காலத்தில்?" "தாகம், மா. நிறையத் தண்ணீர் குடிக்கிறது." "அப்படியானால் உங்கள் மாடு மழையிலும் தண்ணீர் கறக்கிறது, வெயிலிலும் தண்ணீர் கறக்கிறது. பால் கறக்கிற மாதம் எது என்று சொன்னால் அந்த மாதம் மட்டும் வாங்கிக்கொள்கிறேன்." நீ தரையில் உருண்டு சிரித்தாய். முக்கியமானது அதில்லை. கோயாலாவும் சிரித்தான். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். மறுநாள் பால் கெட்டியாக வந்தது. அவனுடைய பொய் மட்டும்தான் அங்கே உடைந்தது. வேறு எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

சபையில் நீ கேட்ட அன்று வைத்தா மாமா சிரிக்கவில்லை. கவனித்தாயா?

நீ அங்கேதான் இருந்தாய். அதனால் நடந்ததை உனக்கே திருப்பிச் சொல்வது அசட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் நீ பார்த்தது கூடத்தை. நான் பார்த்தது மூங்கில் தட்டிக்குப் பின்னால் இருந்ததை. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்த ஆண்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்து உலகத்தை அலசினார்கள். நான் தட்டிக்குப் பின்னால் பஜ்ஜி போட்டேன். அப்பா வைத்த சட்டம் உனக்குத் தெரியும்: ஏழு அடித்தால் மேஜை மேல் இருக்கும் மணியைத் தட்டுவார். பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும் அதோடு நிற்க வேண்டும். மிச்சம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பிறகு காபி. வைத்தா மாமா டாலிகஞ்சிலிருந்து டிராமில் வருவார், பெண்ணையும் கூட்டிக்கொண்டு. கோமதி தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு கொல்லைப்புறம் வழியாக என்னிடம் வந்துவிடுவாள். ஒன்பது வயதில் கல்யாணம், புருஷன் வீட்டுக்குப் போவதற்கு முன்பே காலரா அவனைக் கொண்டுபோய்விட்டது. பதினைந்து வயதாகியும் அவள் தலையில் முடி இருந்தது. எடுக்க வேண்டிய நாள் தாண்டிவிட்டது என்று அவளுடைய பார்வதி அத்தை, தானும் இளம் வயதில் மொட்டையடிக்கப்பட்டு அந்த வீட்டிலேயே கிடப்பவள், நாள்தோறும் கத்திக்கொண்டிருந்தாள். வைத்தா மாமா ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

முடியோடு இருக்கும் விதவை தொட்ட ஜலத்தை நம் மனிதர்கள் குடிக்க மாட்டார்கள். எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பஜ்ஜியில் கை ஒழியவில்லை. "நான் பாத்துக்கறேன் மாமி" என்று அவள் டிகாஷனைத் துணியில் இறக்கினாள். நான் தடுக்கவில்லை. அன்று அப்பா தட்டிப் பக்கம் திரும்பி, "இன்னிக்குக் காபி பேஷ்" என்றார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. அதன் பிறகு அது எங்கள் இருவருக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. வெளியே யார் 'பேஷ்' சொன்னாலும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். சாஸ்திரத்தில் கரை கண்டவர்கள் இரண்டாம் டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். யாருக்கும் வயிற்று வலிகூட வரவில்லை.

அன்று வைத்தா மாமா எழுந்து நின்றார். அவர் சபையில் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை. "நேக்குப் பேச வராது. ஒரு வேண்டுகோள். கோமதிக்கு ஒரு வரன் வந்திருக்கு. டாக்காவிலே பள்ளிக்கூட வாத்தியார், நம்ம மனுஷா. எல்லாம் தெரிஞ்சுதான் சரிங்கறார். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ளே பதில் வேணுங்கறார், அவாத்திலே வேற இடம் பாக்கறாளாம். சாஸ்திரிகளைக் கேட்டேன். இந்தாத்து மனுஷா பந்தியிலே உக்காந்து சாப்பிட்டா நானும் மந்திரம் சொல்றேன்னுட்டார். நீங்கள்ளாம் வந்து ஒரு வாய் சாப்பிடணும். அவ்வளவுதான்." தட்டிக்குப் பின்னால் கோமதி டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. அப்பா தொண்டையைக் கனைத்தார். சம்மதம் சொல்லத்தான் கனைத்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குள் நீ பேசினாய்.

"மாமா, கோச்சுக்கப்படாது. நான் சின்னவன். நேக்கு இதெல்லாம் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு கேக்கறேன்."

"கேளுடா குழந்தே. நோக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

"ஒரு நல்லதைப் பண்ணணும்னா ஆத்துல முதல்ல வந்தவாளுக்குப் பண்ணணுமா, அப்புறம் வந்தவாளுக்கா?"

"முதல்ல வந்தவாளுக்குத்தான்."

"அப்ப பார்வதி அத்தைக்கு நீங்க ஏன் மாமா இன்னும் மாப்பிள்ளை பாக்கலை?"

கூடமே சிரித்தது. உள்ளே கோமதியும் சிரித்தாள், சந்துரு. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அத்தைக்கு மாப்பிள்ளை என்றதும் அவளுக்கு அடக்க முடியவில்லை. நீ தங்களுக்காகத்தான் பேசுகிறாய் என்று நினைத்தாள்.

"அவ காலம் வேறடா."

"ஓஹோ. தர்மம் காலத்துக்குக் காலம் மாறுமா?"

"மாறும்னுதான் பெரியவா சொல்றா."

"நாளைக்கு மறுபடியும் மாறிப்போச்சுன்னா, இன்னிக்கு நீங்க பண்ற கல்யாணம் செல்லுமா, செல்லாதா?"

"பலேடா!" என்று யாரோ தொடையில் தட்டினார்கள். வைத்தா மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாறாதுன்னே வச்சுக்கோயேன்" என்றார் பாவம், உனக்கு விட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு.

"மாறாதுன்னா அத்தைக்கு அன்னிக்குப் பண்ணினது சரி. அது சரின்னா கோமதிக்கும் அதுதானே சரி? நான் சொல்லலை மாமா, நீங்க சொன்னதைத்தான் சேத்துப் பாக்கறேன்." சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாய். அழகாகக் காத்திருந்தாய். பிறகு, "இன்னும் ஒண்ணே ஒண்ணு. பந்திக்குக் கூப்பிடறேளே, இங்க இருக்கறவா யாராவது முடியோட இருக்கற அந்தப் பொண்ணு கையால ஒரு வாய் ஜலம் வாங்கிக் குடிப்பாளா?"

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொருவரும் ஜமக்காளத்தைப் பார்த்தார்கள். "மாட்டா" என்றார்.

"மாட்டான்னு உங்களுக்கே தெரியறது. பின்னே எதை நம்பிப் பந்தி போடறேள்?"

"தெரியலையேடா" என்று சொல்லி அவர் உட்கார்ந்தார்.

அந்தச் சொல்தான் உனக்கு வேண்டியிருந்தது. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எதிராளி 'தெரியவில்லை' என்று சொன்ன பிறகுதான் நிஜமான ஆராய்ச்சி தொடங்குகிறது. ஆனால் அப்பா மணியைத் தட்டிவிட்டார். காபி போயிற்று. கோமதி ஊற்றினாள், தட்டை நான் தள்ளிக் கொடுத்தேன். அந்தக் கையால் ஒரு வாய் ஜலம் குடிக்க மாட்டோம் என்று தலை குனிந்தவர்கள் எல்லோரும் குடித்தார்கள். நீயும் குடித்தாய். வைத்தா மாமா மட்டும் டம்ளரைத் தொடவில்லை. சபைக்கு வந்திருந்த சாஸ்திரிகள் வாசலில் நின்று, அப்பா முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். சம்மதம் என்று அப்பாவும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பேச்சுதான் அடுத்த வாரத்துக்குப் போய்விட்டதே.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ கேட்கலாம். எனக்கு நன்றாகத் தெரியும் என்ன நடந்திருக்கும் என்று. பாதிப் பேர் கொல்லைக்கு ஓடி விரலை விட்டு வாந்தி எடுத்திருப்பார்கள். டம்ளர்கள் குப்பைக்குப் போயிருக்கும். அப்பா என்னோடு பேச மாட்டார். ஆனாலும் உன் கடைசிக் கேள்விக்குப் பதில் அவர்கள் கையிலேயே சூடாக இருந்தது. அதை எடுத்துச் சொல்ல ஒரு தொண்டை இல்லை. காபி போட்டவள் என் பக்கத்தில் நின்று என்னிடம் கேட்டாள்:

"மாமி, அவருக்கு நெஜமாவே தெரியாதா?"

"எது?"

"தெரியாதுன்னு சொல்லித்தானே கேட்டார். அப்பாவுக்குச் சரியாச் சொல்லிக் குடுக்கத் தெரியலை. நீங்க சொல்லுங்கோளேன். நீங்க சொன்னா அவர் புரிஞ்சுப்பார்."

நான் பாத்திரத்தைக் கழுவப் போனேன். அவர்கள் போன பிறகு நீ அடுக்களைக்கு வந்தாய். கண் பளபளவென்று இருந்தது. "கேட்டேளா சித்தி? இது பாதிதான். முதல்ல எல்லாத்தையும் இடிச்சாச்சு. அடுத்த வாரம் ஒவ்வொண்ணாக் கட்டிடுவேன். விதவைக் கல்யாணம் நியாயம்னு அவாளே சொல்லி அவாளே வந்து பந்தியிலே உக்காருவா, பாருங்கோ." நீ பொய் சொல்லவில்லை. அந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்பதுதான் உன் கொள்கை. காலேஜ் கட்டுரையில்கூட எழுதிப் பரிசு வாங்கினாய். நடக்கவிருந்த ஒரு கல்யாணத்தை, அது நியாயம் என்று நிரூபிப்பதற்காக நிறுத்திவைத்த ஒரே ஆள் இந்தக் கல்கத்தாவில் நீதான்.

உன் புத்தகத்தை உனக்கு முன்பே நான் படித்து முடித்துவிட்டேன். உன் புரொபஸரைப் போலப் படிக்கவில்லை, தாளிக்கிற நேரம் போக மிச்சத்தில் படித்தேன். அதனால் எனக்குச் சில சந்தேகங்கள். நீ படித்தவன், தீர்த்துவை. அந்தக் கிழவர் யாரிடம் கேட்டார்? வீரம் எனக்குத் தெரியும் என்ற தளபதியிடம். பக்தி எனக்குத் தெரியும் என்ற பூசாரியிடம். எல்லாம் தெரியும் என்று காசு வாங்கிக்கொண்டு பாடம் நடத்தியவர்களிடம். என் பெண்ணுக்கு ஒரு வாழ்க்கை கிடைக்கிறது, வந்து ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று கையை நீட்டியவனிடம் கேட்டதாக ஒரு பக்கம் இருக்கிறதா? எனக்கு அகப்படவில்லை. வைத்தா மாமா எழுந்ததும் சொன்ன முதல் வார்த்தை 'நேக்குப் பேச வராது' என்பது. தெரியாது என்று ஏற்கெனவே சொன்னவனை, தெரியாது என்று சொல்ல வைப்பதில் என்ன வெற்றி? இன்னொன்று. அந்தக் கிழவர் தெரியாது என்றபோது அதில் பாதி நிஜம் என்றுதான் எனக்குப் பட்டது. பதில் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்கும் தெரியாமல்தான் கூட நடந்தார். நீ போகிற இடம் உனக்குத் தெரியும். திரும்பி வருகிற நாளும் தெரியும், ஞாயிற்றுக்கிழமை. வழியில் விழுகிறவர் வேறொருவர். இதற்கு உன் புரொபஸர் என்ன பெயர் சொல்கிறார்? கடைசியாக, அந்தக் கேள்விகளுக்கு விலையாக விஷம் கொடுத்தார்கள், கேட்டவரே குடித்தார். உன் கேள்விக்கு உண்டான கிண்ணத்தை யார் குடித்தது? எனக்குத் தெரியாது, கேட்கிறேன்.

இப்படி எழுதுவது உனக்கு வலிக்கும். உன்னிடமிருந்து கற்றுக்கொண்ட முறை என்று வைத்துக்கொள், அல்லது என்னிடமிருந்து நீ கற்றது வீடு திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள். அந்த முறை கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவின் சபையில் உட்கார்ந்து மனுதர்மம் பேசிய அந்த ரிடையர்ட் பெரியவரிடம் நீ கேட்டிருந்தால் நானே தட்டியை விலக்கிப் பார்த்திருப்பேன். அவரிடம் நீ ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் உன் சீமைப் படிப்புக்குச் சிபாரிசு செய்யப்போகிறவர். தலைக்குமேல் இருப்பவனிடம் தெரியாதவன்போல நிற்பதற்குத் தைரியம் வேண்டும். கீழே நிற்பவனிடம் தெரியாதவன்போல நிற்பதற்கு நல்ல உச்சரிப்பு போதும்.

இன்னும் சில நாளில் உன் பக்கத்தில் மனையில் உட்காரப்போகிறவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளிடம் நீ ஒரு நாள், "நேக்குத் தெரியாது, நீ சொல்லு" என்பாய். அவள் அதை நம்புவாள். பெரிய படிப்புப் படித்த புருஷனுக்குத் தன்னைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏதோ இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, யோசித்து யோசித்துச் சொல்வாள். அப்போது நீ நிஜமாகவே தெரியாதவனாக இரு. முடியாவிட்டால் கேட்காதே. உப்பு அதிகம் என்றால் உப்பு அதிகம் என்று சொல்லிவிடு. இதற்கு மேல் உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி இல்லை.

சாஸ்திரிகள் திங்கட்கிழமை டாலிகஞ்சுக்குப் போய்த் தன்னால் ஆகாது என்று சொன்னார். வைத்தா மாமா டாக்காவுக்குத் தந்தி கொடுத்தார். வியாழக்கிழமை காலை பார்வதி அத்தை காளிகாட்டிலிருந்து நாவிதனை வரவழைத்தாள். கோமதிக்குத் தலையைச் சிரைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ சபையில் உன் இரண்டாம் பாதியைப் பேசினாய். ஒருவராலும் மறுக்க முடியவில்லை, எல்லோரும் கை தட்டினார்கள். அன்று காபி நான் போட்டேன். ஒருவரும் இரண்டாம் டம்ளர் கேட்கவில்லை. இப்போது கோமதி நம் மனிதர்கள் வீடுகளில் சமையலுக்குப் போகிறாள். மொட்டையடித்து, மடியாக இருப்பதால் அவள் கையால் யாரும் சாப்பிடலாம். இன்று பிற்பகல் இங்கே வந்து, நாளை ரயிலில் நீங்கள் சாப்பிடுவதற்குப் புளியோதரை கிளறி, இலையில் கட்டி வைத்துவிட்டுப் போனாள்.